காளானுக்குப் போட்ட வேலி

கார்த்திகை பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு தரம் தரவைக்குப் போய் வருகிறேன். விடிந்ததும் ஒருமுறை, பால் கொடுத்துவிட்டு வரும்போது ஒருமுறை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, பொழுதுபட மாடு அவிழ்க்கும்போது ஒருமுறை. மழை விட்டால் ஐந்தாவது தரமும் போவதுண்டு. அங்கே நான் பார்ப்பது பத்தடி அகலமான ஒரு துண்டுப் புல்லை. குனிந்து முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை நடப்பேன். ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கிழக்குப் பக்கத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று நினைப்பு வரும். எழும்பிவிடுவேன்.

“இப்பிடி நிண்டு முழிச்சுப் பாத்தா அது பயத்திலயே வராது,” என்கிறாள் மனைவி.

நான் தேடுவது ஒரு காளானை. சிவப்பு நிறம், பெருவிரல் நகத்தளவு. அது இந்த மழைக்கும் அந்தத் துண்டில் வரவேண்டும். வராவிட்டால் மனைவியின் பங்கை ஒன்றுமில்லாத ஒன்றுக்காகக் கொடுத்தவன் ஆகிவிடுவேன். எப்படிக் கொடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புடன் நின்றவன். நாலு பேருக்கு முன் வாய் திறக்கச் சொன்னால் கழுத்தெல்லாம் வியர்க்கும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் வேலணையின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. வீடுகளும் வெங்காயத் தோட்டங்களும் முடிகிற இடத்தில் தரவை தொடங்கிக் கடல் வரை போகிறது. தரவை என்பது யாரும் உழாத, யாருக்கும் தனிச் சொந்தமில்லாத மேய்ச்சல் நிலம். ஆடி மாதம் பார்த்தால் புழுதியும் காய்ந்த புல்லின் அடியும்தான். மழை இரண்டு விழுந்தால் பாய் விரித்ததுபோலப் பச்சை வந்துவிடும். ஊர் மாடுகள் முழுவதும் அங்கேதான். முளைக்கட்டையை அடித்து, நீளக் கயிற்றில் மாட்டைக் கட்டிவிட்டு வருவோம். கயிறு எட்டும் அளவுக்கு மாடு வட்டமாக மேயும். மறுநாள் கட்டையைப் பிடுங்கி வேறோர் இடத்தில் அடிப்போம். மேலே நின்று பார்த்தால் தரவை முழுவதும் தட்டுத் தட்டாக வட்டங்கள் தெரியும் என்று நினைக்கிறேன். நான் மேலே நின்று பார்த்ததில்லை. இந்தத் தீவில் மேலே என்று ஓர் இடம் இல்லை.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஊரே வெறுமையாகக் கிடந்த வருடங்களிலும் விட்டுப்போன மாடுகள் அங்கே தாங்களாகவே மேய்ந்து பெருகின. திரும்பி வந்தபோது வீடுகளுக்குள் மரம் முளைத்திருந்தது. தரவை மட்டும் போகும்போது இருந்ததுபோலவே கட்டைப் புல்லாக இருந்தது.

அந்தச் சிவப்புக் காளானை நான் சின்ன வயதிலிருந்தே கண்டிருக்கிறேன். கண்டேன் என்பதுகூடச் சரியில்லை. காலடியில் கிடந்தது. நாய்க்குடை என்று தாண்டிப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலையில், தரவையின் மேட்டு மூலையில் ஒரு பெண் முழங்காலை ஊன்றி, நெற்றி புல்லில் முட்டுகிற மாதிரிக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு குடையும் பையும். தலைசுற்றி விழுந்துவிட்டாளோ என்று ஓடிப்போனேன். கிட்டப் போனதும் என்ன கேட்பது என்று தெரியாமல் பத்தடி தள்ளி நின்றேன். கையில் மாட்டுக் கயிறு.

அவள் நிமிராமலே சொன்னாள்: “அண்ணை, மாட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ. இதில மிதிச்சிடும்.”

“எதில?”

“இதில.”

“அது நாய்க்குடை, பிள்ளை. தின்ன ஏலாது.”

“தின்னுறதுக்கில்லை. வந்து பாருங்கோ.”

கம்பசில், அதாவது பல்கலைக்கழகத்தில், செடி கொடிகளைப் பற்றிப் படிப்பிக்கிறவள் என்று பிறகு சொன்னாள். அன்றிலிருந்து நான் அவளை மிஸ் என்றே கூப்பிடுகிறேன். அன்றைக்கு நானும் குந்தினேன். கூம்பு போன்ற ஒரு சின்னத் தொப்பி. குங்குமத்தைக் குழைத்து மேலே மெழுகு பூசியதுபோல் மினுக்கம். மிஸ் ஒன்றை விரல் நுனியால் சரித்துக் காட்டினாள். அடிப்பக்கத்து மடிப்புகள் மற்றக் காளான்களில் போல நெருக்கமாக இல்லாமல், தடிப்பாக, இடைவெளி விட்டு, மஞ்சளாக இருந்தன. தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அணைத்த மெழுகுதிரியின் தலையைத் தொட்டதுபோல இருந்தது.

“மெழுகுத் தொப்பி எண்டு சொல்லலாம்,” என்றாள். “அண்ணை, இந்த நிலம் எப்பவாவது உழுததோ?”

“இல்லை மிஸ். தரவையை ஆர் உழுறது?”

“பசளை?”

“புல்லுக்கு ஆர் பசளை போடுவினம்?”

“மாட்டுச் சாணி கிடக்குமே.”

“கிடக்காது மிஸ். விடியமுந்தியே பொம்பிளையள் கடகத்தோட வந்து அள்ளிக்கொண்டு போயிடுவினம், வெங்காயத்துக்கு. பிந்தினா ஒரு சாணி வட்டிகூடக் கிடைக்காது.”

அவள் சிரித்துவிட்டாள். “அதுதான் அண்ணை விசயம். எல்லாரும் நிலத்துக்குப் போடுவினம். உங்கட ஆக்கள் இதிலயிருந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கினம்.”

இந்தக் காளான் கொழுத்த நிலத்தில் வராதாம். உழுத நிலத்தில் வராதாம். புல் கட்டையாக, மண் மெலிந்து, கனகாலம் ஒருவரும் கிண்டாமல் கிடக்க வேண்டுமாம். ஒருமுறை உழுதால் அது திரும்பி வருவதைக் காண எங்கள் ஆயுள் போதாமல் போகலாம் என்றாள். கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். அந்த வருடம் முழுவதும் வீட்டுக்கு வெளியே பேசியதைவிட அன்றைக்குக் கூடப் பேசியிருப்பேன். எனக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதிக்கொள்வார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இரண்டு காளானை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பின்னேரம் கோல் எடுத்தாள். “அண்ணை, கறுத்துப்போச்சு. கரித்துண்டு மாதிரி. இனி ஒண்டும் செய்ய ஏலாது. அடுத்த மழைக்கு வந்தா வந்த அண்டைக்கே சொல்லுங்கோ. நான் அங்கேயே வந்து பாக்கிறன்.” திரும்பப் போய்ப் பார்த்தேன். மிச்சம் நின்றவையும் கறுத்துத் தலை தொங்கியிருந்தன. சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அடுத்த ஆவணியில் ஊர்ப் பால் சங்கம் ஒரு முடிவெடுத்தது. தரவையின் மேட்டுப் பகுதியை உழுது, தீவனப் புல் நட்டு, அங்கத்தவர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது. சங்கத் தலைவர் முன்பு தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், பொல்லாத மனிதர் இல்லை. கோடையில் மாடுகள் எலும்பும் தோலுமாகப் போவதை அவரும் பார்க்கிறார். எங்கள் வீட்டில் அங்கத்தவர் என் மனைவி. கோடையில் புல்லுக்காகச் சாக்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வங்களாவடிப் பக்கம் வரை றோட்டோரம் வெட்டிக்கொண்டு வருகிறவள் அவள்தான். எனக்கு அப்படி அலைந்து யாருடைய வேலி ஓரத்திலும் நின்று வெட்டக் கூச்சம். அவளுக்கு இடுப்பு நோ. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துத்தான் எழும்புவாள்.

சீட்டுக் குலுக்கினார்கள். ஒன்பது துண்டு. அவளுக்கு ஆறாம் துண்டு விழுந்தது. அந்தச் சீட்டைச் சாமிப் படத்துக்கு முன் வைத்தாள்.

நான் விசயத்தைச் சொன்னதும் மிஸ் அனுப்பிய கடிதத்தையும் கூட்டத்தில் தலைவர் வாசித்தார். மேட்டு மூலையை மட்டும் உழாமல் விடச் சொல்லிக் கேட்டிருந்தாள். நான் கதவடியில், கழற்றிப் போட்ட செருப்புகளோடு செருப்பாக நின்றேன்.

“மாட்டுக்குக் காணி இல்லை எண்டு நாங்கள் அழுறம்,” என்றார் தலைவர், “இஞ்ச காளானுக்குக் காணி கேக்கினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார்: “சரி, படிச்ச பிள்ளை கேக்குது. இந்த மழைக்கு அந்த மூலையில அது வந்தா மூலையை விடுவம். வராட்டி, தைப்பொங்கல் முடிய உழவு மெசின் இறங்கும். சரிதானே?”

எல்லோருக்கும் சரி. என் மனைவிக்கும் சரி. ஆறாம் துண்டு மூலையிலிருந்து சில துண்டு தள்ளி இருந்தது. மூலை போனாலும் நின்றாலும் அவளுக்கு நட்டமில்லை.

எனக்கு அன்றிலிருந்து நித்திரை குறைந்தது. மூலையில் அது வரவேண்டும். மாடு மிதித்தால்? ஆடு கடித்தால்? பொடியள் பந்தடிக்க வந்தால்? எங்கள் பக்கத்தில் ஒன்றைப் பெறுமதியானது என்று நினைத்துவிட்டால் உடனே செய்வது ஒரே வேலைதான். நானும் அதைச் செய்தேன். வேலி போட்டேன்.

வீட்டுப் பின்வேலியில், நட்டால் தழைக்கிற கிளிசரியா மரக் கதியால்கள் வெட்டினேன். அலவாங்கால் குழி போட்டு, கதியால் நட்டு, பனங் கருக்குமட்டையை நெருக்கமாக வரிந்து கட்டினேன். மூலையில் அறை மாதிரி நாலு பக்கமும் வேலி. ஒரு நாய்கூட நுழைய ஏலாது. ஐந்து நாள் வேலை. கையெல்லாம் கருக்குக் கிழித்தது. எனக்கு வேறு வேலை அவ்வளவு வராது, ஆனால் வேலி வரும். நேராக, இறுக்கமாகக் கட்டுவேன்.

தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். “என்ன அண்ணை, காளானுக்கு வீடு குடிபூரல் எப்ப?” என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டு மட்டையைக் கட்டினேன்.

பக்கத்து வளவில் ஓர் அக்கா இருக்கிறா. பத்துப் பதினைந்து ஆடு வைத்திருப்பவ. ஐந்தாம் துண்டு அவவுக்கு. ஒரு நாள் அவவின் கிடாய் ஒன்று என் வேலியில் துளிர்த்த கிளிசரியாக் குழையை எட்டிக் கடித்தது. நான் ஒரு கல்லை எடுத்து எறிந்து, “பிடியுங்கோ அக்கா உங்கட ஆட்டை! ஒருக்காச் சொன்னா விளங்காதோ?” என்று கத்தினேன். அப்படி நான் கத்தியதை அவ கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவ ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனா.

மழை வந்தது. வேலிக்குள் புல் வந்தது. எப்படி வந்தது! முழங்கால் வரைக்கும் வந்தது. கதியால்கள் தழைத்து, இலை மஞ்சளாகி உள்ளே கொட்டின. புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன். கார்த்திகை முடிந்தது. மார்கழி பத்து. காளான் இல்லை. நிலத்தில் ஒரு சின்னப் பொத்தான்கூட இல்லை. விடிய, மத்தியானம், பின்னேரம் என்று போகத் தொடங்கியது அப்போதுதான். போகும்போது ஒரு நம்பிக்கை இருக்கும். வரும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

மிஸ்ஸுக்கு மிஸ்ட் கோல் கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் வரும். அவள் திருப்பி எடுத்தாள். “வரேல்லை மிஸ்,” என்றேன். மறுநாள் காலைப் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

வேலியைக் கண்டதும் நின்றாள். குடை கையில் சரிந்தது.

“இதை ஆர் அண்ணை போட்டது?”

“நான்தான் மிஸ்.” என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

அவள் கருக்குமட்டையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“வடிவான வேலி,” என்றாள். “ஆனா அண்ணை, மாடு வேணும். மாடு மேய்ஞ்சு கட்டையா வைச்சிருக்கிறதாலதான் அது வருது. இது கிளிசரியாவோ? இந்த இலைதானே தோட்டத்துக்குப் பசளை எண்டு மண்ணுக்குள்ள தாழ்க்கிறது?”

ஓம். தாழ்க்கிறதுதான். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நானே எத்தனை சுமை தாட்டிருக்கிறேன். காவல் என்று நினைத்துப் பசளைக் கிடங்கைக் கட்டியிருக்கிறேன்.

“நான் உங்களுக்குச் சொல்லியிருக்கோணும்,” என்றாள். “என்ர பிழை.”

அவளுடைய பிழை இல்லை. உழுததோ, பசளை போட்டதோ, சாணி கிடக்குமோ என்று எல்லாம் கேட்டவள். பதில் சொன்னவன் நான். என் வாயால் சொன்னதை என் கை கேட்கவில்லை.

“இனி வராதோ?”

“இந்த வருசம்... தெரியாது அண்ணை. பொங்கலுக்கு முந்தி இன்னும் ஒரு மழை வந்தா, புல்லையும் இலையையும் எடுத்திட்டுப் பாக்கலாம்.”

அவள் போன பிறகு வேலியைப் பிரித்தேன். ஐந்து நாள் கட்டியது, ஒரு பொழுதில் விழுந்தது. தெருவில் சைக்கிள்கள் நின்றன. “என்ன, குடி எழும்பிட்டுதோ?” என்றது ஒரு குரல். நான் தலையை நிமிர்த்தவில்லை. உள்ளே நின்ற முழங்கால் புல்லை எங்கள் இரண்டு மாடும் தின்று முடிக்காது. ஆடுகள் வேண்டும். ஆடுகளுக்கு அந்த அக்காவிடம் போக வேண்டும்.

அவவின் படலையில் போய் நின்றேன். கூப்பிடவில்லை, நின்றேன். குசினியிலிருந்து அவ எட்டிப் பார்த்தா.

“என்ன தம்பி, கல்லுக் கொண்டு வந்தனீரோ?”

“இல்லை அக்கா.”

“பின்ன?”

“ஆடுகளை... மூலைக்கு... விடலாம் எண்டு.”

“அண்டைக்குக் கல்லெறிஞ்சு கலைச்சீர். இண்டைக்கு வெத்திலை வைச்சு அழைக்கிறீர். என்ர ஆடு ரோசக்காரியள் தம்பி, வரமாட்டாளவை.” சொல்லிவிட்டு அவவே சிரித்தா. “நில்லும், அவிழ்த்துக்கொண்டு வாறன். அந்தக் கிடாயிட்ட மட்டும் ஒருக்கா மன்னிப்புக் கேட்டுவிடும்.”

அன்று பின்னேரம் மனைவியும் கத்தியோடும் சாக்கோடும் வந்தாள். குந்தி வெட்டத் தொடங்கினாள். நான் கொட்டுண்ட இலைகளைக் கடகத்தில் வாரினேன்.

“உங்கட காளானுக்காக வரேல்லை,” என்றாள். “இவ்வளவு புல்லும் பழுதாப்போகுது.”

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது தாழமுக்கம் என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டு நாள் விடாத மழை. மழைக்குள்ளும் மூலையைப் போய்ப் பார்த்தேன். வெட்டிய அடிக்கட்டைகள், ஆட்டுக் கால் தடங்கள், சேறு. மூன்றாம் நாள் காலை மழை விட்டது. மறுபடி போனேன். இல்லை. மூலையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

மனைவி மாட்டின் முளைக்கட்டையைப் பிடுங்க வந்திருந்தாள். வேலி போட்ட நாளிலிருந்து மாட்டை மூலையில் கட்ட இடமில்லாமல், அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரே இடத்தில்தான் மாறி மாறிக் கட்டினோம். எனக்கு வேலிக்குள் பார்ப்பதே வேலை, மாடு நின்ற இடத்தை நான் பார்க்கவில்லை. அந்த வட்டத்தில் புல் சவரம் செய்தமாதிரிக் கட்டையாகக் கிடந்தது.

“இஞ்சாருங்கோ,” என்றாள். குரலில் ஒரு மாதிரி.

போனேன். அவள் மாட்டின் கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றி, மாடு அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய காலுக்கு ஒரு சாண் தள்ளி மூன்று சிவப்பு.

“உங்கட ஆக்கள் இஞ்சதான் நிக்கினம்.”

எனக்குச் சந்தோசத்தில் எதுவும் விளங்கவில்லை. மிஸ்ஸுக்கு மிஸ்ட் கோல் கொடுக்காமல் நேராகவே பேசினேன். அவள் வந்தாள், படம் எடுத்தாள், அளந்தாள், அங்கேயே குந்தியிருந்து எழுதினாள். தலைவரும் வந்தார். அங்கத்தவர்கள் சிலரும் வந்தார்கள். தலைவர் கைத்தடியால் காட்டினார்.

“வந்திருக்குத்தான். நான் இல்லையெண்டேல்லை. ஆனா கதை என்ன? மூலையில வந்தா மூலையை விடுறது. இது மூலையே? இது ஆறாம் துண்டு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவிக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டேதான் அவள் மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கயிற்றை ஒரு கணம் தளர்த்தியிருந்தால் போதும். மாடு மிதித்திருக்கும், நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

“பொங்கல் கழிய மெசின் வருது,” என்றார் தலைவர். “ஆறாம் துண்டுக்காரர் என்ன சொல்லினம்?”

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்குக் கழுத்து வியர்த்தது. மனைவி வாய் திறக்கப் போனாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

“எங்கட துண்டை உழவேண்டாம்,” என்றேன்.

அவளைப் பார்க்காமல் சொன்னேன். அவளைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சீட்டு அவளுடையது, இடுப்பு நோ அவளுடையது, கண்டு கூப்பிட்டுச் சொன்னதும் அவள். அவள் மாட்டை அவிழ்த்து நடத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மாடுதான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது.

இரண்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த ஆட்டுக்கார அக்காவுக்கு வேலிக்கு மேலால் சொல்வது கேட்டது. “கலியாணம் கட்டின நாளிலயிருந்து நாலு பேருக்கு முன்னால வாய் திறக்காத மனுசன் அக்கா. திறந்த அண்டைக்கு என்ர துண்டைத் தூக்கிக் குடுத்திட்டார்.” அக்கா சிரித்தா. என் மனைவி சிரிக்கவில்லை.

மூலையை உழுதார்கள். எட்டுத் துண்டையும் உழுதார்கள். மெசின் ஆறாம் துண்டுக்கு வரும்போது கலப்பையைத் தூக்கிக்கொண்டு தாண்டியது. இப்போது இரண்டு பக்கமும் தீவனப் புல் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்கிறது. நடுவில் எங்கள் துண்டு, தலையில் எடுத்த வகிடு மாதிரி. இவ்வளவு சின்ன இடத்தில் அது நிற்குமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். “தெரியாது அண்ணை. பாப்பம்,” என்றாள். மனைவி இந்தக் கோடையிலும் சாக்கோடு வங்களாவடிக்குப் போனாள். நானும் அவளோடு போனேன். கூச்சத்தோடுதான் வெட்டினேன்.

போன கிழமை ஐந்தாம் துண்டுக்கு யூரியா போட அக்கா வாளியோடு நின்றா. மேட்டிலிருந்து தண்ணீர் எங்கள் துண்டுக்குத்தான் ஓடும். நான் எதிரே போய் நின்றேன். இந்தத் தரம் வாயால் கேட்டேன்.

“அக்கா, எங்கட பக்கம் கொஞ்சம் விட்டுப் போடுறீங்களோ?”

“எவ்வளவு?”

“ரெண்டு முழம்.”

“ரெண்டு முழம் புல்லும் மஞ்சளா நிக்கும் தம்பி.” வாளியை இடுப்பில் மாற்றினா. “ஒரு முழம். அதுக்கு மேல உம்மட காளான் வந்து என்னட்டக் கேக்கட்டும்.”

மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடல் பக்கம் திருப்பினேன். அதை வெட்டும்போதுதான் கண்டேன், துண்டின் நீளத்துக்கும் முளைக்கட்டைக் குழிகள். குட்டைக் கயிற்றின் நீளத்துக்கு ஒன்று, வரிசையாக. நான் அப்படி அடிக்கவில்லை. நான் இல்லாத நேரங்களில் மனைவிதான் மாட்டை இடம் இடமாக மாற்றிக் கட்டிப் புல்லைச் சமனாக மேயவிட்டிருக்கிறாள். கேட்டேன்.

“மாடு பசியில நிக்குது. உங்கட துண்டை விட்டா எனக்கு வேற எங்க இருக்கு?” என்றாள்.

இவ்வளவும் எழுதி வைத்த பிறகு, இன்று காலை, இரண்டாவது தரம் போனபோது, ஒன்று நின்றது. வாய்க்காலிலிருந்து நாலடி இந்தப் பக்கம். ஒன்றே ஒன்று. தொப்பி இன்னும் விரியவில்லை. மிஸ்ஸுக்குச் சொன்னேன். வகுப்பு முடிந்து பன்னிரண்டரைப் பஸ்ஸுக்குத்தான் ஏற முடியும் என்றாள். அப்போது மணி ஏழரை.

என்னை அறியாமலே நாலு தடி பொறுக்கிவிட்டேன். ஒன்றை ஊன்றியும் விட்டேன். பிறகு பிடுங்கி எல்லாவற்றையும் தூர எறிந்தேன். எறிந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். ஒரு காகம் வந்தது, கலைத்தேன். அக்காவின் கிடாய் வந்து என்னைப் பார்த்து நின்றது. கல்லெடுக்காமல், “போடா,” என்று மெதுவாகச் சொன்னேன். தூறல் போட்டது. எழும்பிப் பார்த்தேன், குந்தினேன், மறுபடி எழும்பினேன்.

பத்து மணிபோல் மனைவி போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். காளானைக் குனிந்து பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

“ஒண்டுதானோ?”

“இப்ப ஒண்டுதான்.”

“இதுக்கே என்ர துண்டு,” என்றாள். கோபமில்லை, ஆனால் கோபம் முழுவதும் போகவுமில்லை. “இப்ப வேலிக்குப் பதிலா நீங்களே நிக்கிறியளோ?”

“மிஸ் வரும் வரைக்கும்.”

“நீங்கள் போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. நான் நிக்கிறன்.”

போனேன். சோற்றைப் பிசைந்தேன். அவள் மாட்டைக் கொண்டுவந்திருப்பாளோ, கயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பாளோ என்று கை நின்று நின்று போனது. பாதியில் கழுவிவிட்டு ஓடிவந்தேன். அவள் நான் குந்திய இடத்திலேயே, சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, காற்றுப் பக்கமாக முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்தாள். தொப்பி கொஞ்சம் விரிந்திருந்தது. விளிம்பில் ஓர் இடத்தில் ஊசி முனையளவு கறுப்பு.

“இது முந்தியே இருந்ததோ?” என்று கேட்டேன்.

“தெரியாது,” என்றாள். “பஸ் எத்தினை மணிக்கு?”